மகனுக்குத் தேர்வு எப்போது?

கேள்வி: இஸ்ரேலின் தெற்கே ஒரு சிறு நகரம் எங்களுடையது. என் கணவர் ஒரு மதக் கட்சியின் சார்பில் மூன்றாவது முறையாக நகராட்சி உறுப்பினர். 2024 பிப்ரவரித் தேர்தலுக்கு முன்பு, பாதிக் காலம் முடிந்ததும் விலகிப் பட்டியலில் அடுத்தவருக்கு இடம் விடுவதாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கட்சியை வழிநடத்தும் ரபிகள், அதாவது யூத மத குருமார்கள், இப்போது அதை நினைவூட்டுகிறார்கள். அவருக்கு மனமில்லை. உறுப்பினருக்குச் சம்பளம் கிடையாது; பாலர் பள்ளியில் நான் வாங்கும் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. இவ்வளவு உழைத்தவரை விலகச் சொல்வது நியாயமா? அவரை எப்படித் தேற்றுவது? மூத்த மகன், ஊரின் மதச் சேவைகளைக் கவனிக்கும் மத சபையில் கஷ்ருத் (யூத உணவு விதிகள்) மேற்பார்வையாளராகச் சேர்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது, அந்த வேலைக்கான தேர்வுகூட இன்னும் எழுதவில்லை, அந்தக் கவலை வேறு.

பதில்: தேற்றும் வார்த்தை என்னிடம் இல்லை, சகோதரி. கையெழுத்துப் போட்டவர் விலக வேண்டும், அவ்வளவுதான். அடுத்தவர் வீட்டிலும் ஒரு மனைவி நாள் எண்ணிக்கொண்டிருப்பாள்.

உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். "அந்தக் கவலை வேறு" என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு இல்லை, அதுதான் கவலையே. சம்பளமில்லாத நாற்காலியை விட்டு எழுந்திருக்க ஒரு மனிதருக்கு இவ்வளவு வலிக்கிறது என்றால், அந்த நாற்காலியின் காலில் வேறு யாருடைய பிழைப்போ கட்டியிருக்கிறது. அமைச்சரும் நகராட்சியும் ஊர் ரபியும் உறுப்பினர்களை நியமிக்கும் மத சபையில், தேர்வு எழுதாத பையனுக்கு வேலை எப்படிக் கிடைத்தது? உங்களுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் ஒரே வரியில் எழுதிவிட்டு நகர்ந்தீர்கள்.

அது என்ன வேலை என்று யோசித்தீர்களா? ஓட்டல் சமையலறையில் கீரையை ஒவ்வொரு இலையாக விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாவைச் சலிக்க வேண்டும். பாலும் இறைச்சியும் ஒரே பாத்திரத்தில் படாமல் காக்க வேண்டும். சாப்பிட வருகிறவர் அடுப்பங்கரைக்குள் எட்டிப் பார்ப்பதில்லை; உங்கள் மகனுடைய கண்ணை நம்பித்தான் கை நனைக்கிறார். லஞ்சம் ஞானிகளின் கண்ணையே குருடாக்கும் என்று வேதப் புத்தகமான உபாகமத்தில் படித்து வளர்ந்தவர் நீங்கள். சிபாரிசு மட்டும் குருடாக்காதா?

ஜெருசலேமின் முதல் ஹரேதி (தீவிர மரபுவழி யூதர்) மேயர் ஊரி லுபோலியான்ஸ்கியை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. குழந்தைக்கு உடம்பு முடியாதபோது பக்கத்து வீட்டில் ஆவி பிடிக்கும் கருவி இரவல் வாங்கினார். பிறகு தானே சில கருவிகள் வாங்கி, வீட்டிலிருந்தே மற்றவர்களுக்கு இரவல் கொடுக்க ஆரம்பித்தார். 1976-இல் அது யாத் சாரா தொண்டு நிறுவனமானது. சக்கர நாற்காலியும் ஊன்றுகோலும் அங்கே இரவல் வாங்காத குடும்பம் உங்கள் நாட்டில் குறைவு. 1989-இல் அவர் நகராட்சி உறுப்பினர், 2003-இல் மேயர். அப்புறம் ஹோலிலேண்ட் என்ற குடியிருப்புக் கட்டட அனுமதிக்கு லஞ்சம் கைமாறியதாக வழக்கு வந்தது. லஞ்சம் என்று நீதிமன்றம் சொன்ன பணம் யாத் சாராவுக்கு நன்கொடையாகப் போனது. அப்படியும் 2014-இல் ஆறு ஆண்டுச் சிறை என்று தீர்ப்பு. 2015-இல் உச்ச நீதிமன்றம் அவருடைய நோயைப் பார்த்துச் சமூக சேவையாகக் குறைத்ததே தவிர, முழுதாக விடுவிக்கவில்லை. நோயாளிகளுக்குப் போன பணத்துக்கே இந்தக் கதி. "பையனுக்கு ஒரு வேலைதானே" என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

மகனுக்குத் தகப்பன் செய்ய வேண்டிய கடமைகளை யூதச் சட்ட நூலான தால்முத் எண்ணிச் சொல்கிறது. தொழில் கற்றுக்கொடுப்பது அதில் ஒன்று. கற்றுக்கொடுக்காதவன் மகனுக்குத் திருட்டைக் கற்றுக்கொடுக்கிறான் என்கிறார் அதில் ரபி யெகூதா என்ற பழங்கால அறிஞர். கடுமையான பேச்சுதான், ஆனால் எனக்கு அதில் ஒரு எழுத்துகூட மிகையாகத் தெரியவில்லை. உங்கள் கணவர் மகனுக்குக் கொடுத்தது தொழில் இல்லை, தன் பதவியின் நிழல். பதவி போனால் நிழலும் போகும். அந்தப் பயத்தில்தான் அவர் தன் கையெழுத்தை மறக்கப் பார்க்கிறார். இத்தனை வருடம் உங்கள் சம்பளத்தில் வீட்டை நடத்தினீர்களே, அந்தச் சம்பளத்துக்கு யாராவது சிபாரிசு செய்தார்களா? அதை ஏன் பிள்ளையிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை? உங்கள் மேல் எனக்குக் கோபம் அங்கேதான்.

கணவரை விட்டுவிடுங்கள், அவர் பெரிய மனிதர், தன் வருத்தத்தைத் தானே சுமப்பார். இந்த வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் விளக்கேற்றும் முன் மகனைத் தனியாகக் கூப்பிடுங்கள். தேர்வு எந்தத் தேதி, கட்டணம் கட்டியாயிற்றா, புத்தகம் எங்கே என்று கேளுங்கள். தேறும்வரை அந்த வேலையை விட்டு நிற்கச் சொல்லுங்கள். அந்த மாதங்களுக்கு அவன் வீட்டு அரிசிக்கும் எண்ணெய்க்கும் நீங்கள் கொடுங்கள்.