பழைய பிக்கப்பைப் பழுதுபார்ப்பதா, விற்றுவிடுவதா?

கேள்வி: நான் மரவேலை ஒப்பந்தங்கள் எடுத்துச் செய்பவன். தொழில் தொடங்கியபோது புதிதாக வாங்கிய பிக்கப் வண்டி 19 ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. 3,40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இன்ஜினில் இன்றுவரை பெரிய குறை இல்லை. ஆனால் கியர் பாக்ஸைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டும் என்றும், அதற்கு வண்டியின் இன்றைய விலையில் 70 சதவீதம் செலவாகும் என்றும் மெக்கானிக் கூறுகிறார். பின்பக்கப் பட்டை (எடையைத் தாங்கும் ஸ்பிரிங்) பொருத்தப்பட்டிருக்கும் இடத்தில் சேஸிஸ் துருப்பிடித்துத் துளை விழுந்திருப்பதையும் காட்டினார். கடந்த ஓராண்டில் 20 நாட்கள் வண்டி பட்டறையிலேயே நின்றது. அண்மையில்தான் புதிய டயர்களும் கிளட்சும் போட்டேன் என்பதால் விற்க மனம் வரவில்லை. உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் அப்படியே வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார். துருவைப் பற்றி அவருக்கு இன்னும் தெரியாது. எனக்குக் கடன் ஏதும் இல்லை, ஓரளவு சேமிப்பு உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் கியர் பாக்ஸ் செலவைக் கண்டு தயங்குகிறீர்கள், உங்கள் கடிதத்தில் என்னைத் தயங்க வைத்தது சேஸிஸில் விழுந்திருக்கும் துளை. விற்றுவிடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த முடிவுக்கு எந்தக் கணக்கு வழியாக வருகிறோம் என்பது முக்கியம், ஏனெனில் பலரும் சொல்லும் எளிய கணக்கு உங்களைத் தவறான காரணத்துக்காகச் சரியான முடிவுக்குக் கொண்டுவந்துவிடும். அடுத்த வண்டியில் அதே கணக்கு தவறான முடிவைத் தரும்.

பழுதுச் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிட வேண்டும் என்ற விதியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வண்டிக்கு வயதாக ஆக அதன் சந்தை விலை குறைந்துகொண்டே போகும், உதிரிபாகங்களின் விலையும் மெக்கானிக்கின் கூலியும் குறைவதில்லை. ஆகவே இந்த விதியை அப்படியே பின்பற்றினால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பழைய வண்டியை நான்கு டயர்கள் மாற்ற வேண்டிய நாளிலேயே கைவிட வேண்டியிருக்கும். வண்டியை எவ்வளவுக்கு விற்கலாம் என்பது ஒரு கேள்வி, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு உங்கள் பலகைகளையும் கருவிகளையும் வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பது வேறொரு கேள்வி. தொழில் செய்பவர் கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வியையே.

சற்று நேரத்துக்குச் சேஸிஸில் குறை இல்லை என்றே வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் இன்றைய விலையை 100 என்று கொள்வோம். மற்ற எல்லாத் தொகைகளும் அதே அளவுகோலில் நான் எடுத்துக்கொண்ட அனுமானங்கள், அவற்றின் இடத்தில் உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். வைத்துக்கொண்டால், இன்று விற்றுக் கிடைக்கக்கூடிய 100ஐ விட்டுக்கொடுக்கிறீர்கள், கியர் பாக்ஸுக்கு 70 செலவழிக்கிறீர்கள், இரண்டு ஆண்டுப் பராமரிப்புக்கு 60 ஆகிறது, முடிவில் 70க்கு விற்கிறீர்கள் என்றால், நிகரச் செலவு 160, அதாவது ஆண்டுக்கு 80. மாறாக, நான்கு ஆண்டு ஓடிய ஒரு பிக்கப்பை 600க்கு வாங்கி இரண்டு ஆண்டு கழித்து 460க்கு விற்கக்கூடும் என்றால் விலைச்சரிவு 140. அதற்குப் பராமரிப்பு 24, கூடுதல் காப்பீடு 20, கூடுதலாக முடங்கும் 430க்கு (600இல் பழைய வண்டியின் 100ஐயும் கியர் பாக்ஸின் 70ஐயும் கழித்தது) ஆண்டுக்கு 6 சதவீத வட்டி என இரண்டு ஆண்டுக்கு 52 சேர்த்தால் மொத்தம் 236, அதாவது ஆண்டுக்கு 118. எரிபொருள் செலவு இரண்டுக்கும் ஒன்றே என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய வண்டி ஆண்டுக்கு 38 மலிவாக இருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். விலைச்சரிவின் பெரும்பகுதியை அது முன்பே கடந்துவிட்டது என்பதே அதற்குக் காரணம்.

இப்போது வண்டி நிற்கும் நாட்களுக்கு வருவோம். வண்டி ஓடாத ஒரு நாளில் உங்களுக்கு வாடகை வண்டிச் செலவாகவோ இழந்த வேலையாகவோ 3 வீதம் நஷ்டம் என்று கொண்டால், இரண்டு வண்டிகளுக்கும் இடையே பட்டறை நாட்களின் வித்தியாசம் ஆண்டுக்கு 13ஐ எட்டும்போதே அந்த 38 முழுவதும் கரைந்துவிடுகிறது. மாற்று வண்டி ஆண்டுக்கு இரண்டு நாள் நிற்கும் என்றால், கடந்த ஆண்டைப் போன்ற 20 நாட்களோடு ஒப்பிட வித்தியாசம் 18. அந்தக் கணக்கில் பழைய வண்டி தோற்றுவிடும். ஆனால் அந்த 20 நாட்களில் எத்தனை கியர் பாக்ஸால் வந்தவை என்று உங்கள் பட்டறை ரசீதுகளைப் புரட்டிப் பாருங்கள். பாதியாவது அதனால் வந்திருந்தால், அதைச் சரிசெய்த பிறகு ஆண்டுக்கு 10 நாட்களே நிற்கும், வித்தியாசம் 8 ஆகும், நஷ்டம் 24தான். அப்போது பழைய வண்டியே வெல்லும். சேஸிஸ் உறுதியாக இருந்திருந்தால், எந்தக் குறுகுறுப்பும் இல்லாமல் கியர் பாக்ஸைச் சரிசெய்து இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுங்கள், அதற்குள் அடுத்த வண்டிக்குப் பணம் சேர்த்துவையுங்கள் என்றே எழுதியிருப்பேன்.

துளை அந்தப் பதிலை மாற்றிவிடுகிறது. பெரும்பாலான பிக்கப்களில் இன்ஜின், ஓட்டுநர் அறை, சரக்குப் பெட்டி ஆகிய அனைத்தும் சேஸிஸ் எனப்படும், ஏணி போன்ற ஒரு தனி இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. சரக்கின் எடையைச் சக்கரங்களுக்குக் கடத்துவது பின்பட்டைகள் அந்தச் சட்டத்தோடு சேரும் இடம். கதவோ சரக்குப் பெட்டியின் தகடோ துருப்பிடித்தால் அது பார்வைக் குறை என்று விட்டுவிடலாம். நீங்கள் சொல்லும் இடத்தில் துளை விழுந்தால், பாரத்தோடு ஒரு பள்ளத்தில் இறங்கும்போது பட்டை பிடுங்கிக்கொண்டு வரவும், அச்சு விலகவும் வாய்ப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியும் துளையைச் சுற்றியுள்ள இரும்பும் உள்ளிருந்து அரிக்கப்பட்டு மெலிந்திருப்பது வழக்கம், ஏனெனில் சட்டத்தின் உட்புறத்தில் சேரும் சேறும் ஈரமும் எளிதில் காய்வதில்லை. அதன் மேல் ஒரு தகட்டை வைத்துப் பற்றவைப்பது மெலிந்த இரும்போடு நல்ல இரும்பை ஒட்டுவதாகவே முடியும். முறையான வேலை என்றால் அரித்த பகுதியை நல்ல இரும்பு வரை வெட்டியெடுத்துப் புதிய துண்டைப் பொருத்த வேண்டும், அதற்கு ஒரு தேர்ந்த கைதான் தேவை.

அந்த வேலைக்கு 80 ஆகும் என்று வைத்துப் பழைய கணக்கைத் திருத்துங்கள். துரு தெரிந்த பின் வண்டியின் இன்றைய விலை 100 என்று இருக்காது, 50 என்றே கொள்கிறேன். இரண்டு ஆண்டு கழித்து 40 கிடைக்கலாம். 50, 70, 80, 60 ஆகியவற்றைக் கூட்டி 40ஐக் கழித்தால் 220, ஆண்டுக்கு 110. பட்டறை நாட்களின் 24ஐச் சேர்த்தால் 134. மாற்று வண்டியின் கணக்கோ, முடங்கும் பணத்தின் வித்தியாசம் 400 ஆகச் சற்றுக் குறைவதால், ஆண்டுக்கு 116. இந்த 18 என்ற வித்தியாசம் பெரிதல்ல, அனுமானங்களைச் சற்று அசைத்தால் அதுவும் மறையக்கூடும். ஆனால் ஏறத்தாழ ஒரே செலவில் ஒருபுறம் நம்பகமான சட்டமும் மறுபுறம் ஒட்டுப்போட்ட சட்டமும் இருக்கும்போது, அதில் ஏறி உட்காரப்போகிறவருக்கு நான் எதைச் சொல்வேன் என்பது தெளிவு. வேறொரு பட்டறையிலும் ஒருமுறை காட்டி உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவரை அதில் பாரம் ஏற்ற வேண்டாம்.

புதிய டயர்களையும் கிளட்சையும் பற்றி ஒரு சொல். அந்தப் பணம் போய்விட்டது. வைத்துக்கொண்டாலும் விற்றாலும் அது திரும்பி வராது என்பதால், எந்தப் பக்கத்துக் கணக்கிலும் அதற்கு இடமில்லை. டயர்கள் நல்ல நிலையில் இருந்தால் விற்பனை விலையில் ஒரு சிறு பகுதி கூடும், அவ்வளவுதான்.

மனம் வரவில்லை என்று எழுதியிருப்பதை நான் எளிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990இல் வெளியிட்ட ஆய்வில், சிலருக்குச் சாதாரணக் காப்பிக் கோப்பைகளைக் கொடுத்து விற்கச் சொன்னபோது, கோப்பை கிடைக்காதவர்கள் தர முன்வந்ததைப் போல ஏறத்தாழ இருமடங்கு விலையை அவர்கள் கேட்டார்கள். சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே அப்படி என்றால், 19 ஆண்டுகள் உங்கள் தொழிலைத் தாங்கிய வண்டிக்கு நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் விலை சந்தை விலையைவிட உயரமாக இருப்பதில் வியப்பில்லை. எனவே வேறு இருவரிடமாவது விலை கேட்டு, அவற்றையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

அடுத்த வண்டியை உடனே வாங்கிவிடாதீர்கள். சில வாரங்கள் தேவைப்படும்போது மட்டும் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். தொழில் தொடங்கிய காலத்தில் உங்களுக்கு இருந்த சுமைத் தேவை இன்றும் அப்படியே இருக்கிறதா, மரக்கடையே பலகைகளை வேலையிடத்துக்கு அனுப்பிவைக்கிறதா, ஒரு சிறிய மூடிய வண்டி போதுமா என்பதெல்லாம் அந்த வாரங்களில் தெரிந்துவிடும். பழக்கத்தின் காரணமாக மீண்டும் அதே அளவு வண்டியை வாங்கி, அதன் பெட்டி பாதிநாள் வெறுமையாகப் போவதைப் பலரிடம் கண்டிருக்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, சேமிப்பை முழுவதும் வண்டியில் கொட்டிவிட வேண்டாம். ஆறு மாத வீட்டுச் செலவும் தொழிலுக்கு வேண்டிய மூலப்பொருள் பணமும் கையில் மிஞ்சிய பிறகு உள்ளதைக் கொடுத்து, மீதிக்கு மட்டும் கடன் வாங்குங்கள். தவணை சிறியதாக இருக்கிறதே என்று காலத்தை நீட்டாதீர்கள்: குறையும் நிலுவைக்கு 10 சதவீத வட்டியில் வாங்கும் ஒவ்வொரு 100க்கும் மூன்று ஆண்டில் செலுத்தும் மொத்த வட்டி ஏறத்தாழ 16, ஐந்து ஆண்டில் 27, ஏழு ஆண்டில் 39. வண்டியின் விலை இறங்கும் வேகத்தைவிடக் கடன் மெதுவாகக் குறைந்தால், நடுவில் விற்க நேரும்போது விற்ற பணம் கடனை அடைக்கப் போதாது. கடன் தருபவர் சொல்லும் வட்டி எந்த வகை என்பதையும் கேளுங்கள். தொடக்கத் தொகை முழுவதற்கும் கடைசிவரை 10 சதவீதம் கணக்கிடும் ஃபிளாட் வட்டி, மூன்று ஆண்டுக் கடனில் உண்மையில் ஏறத்தாழ 18 சதவீதத்துக்குச் சமம்.

கடைசியாக, உங்கள் நண்பர். துருவைப் பற்றி அவரிடம் சொல்லிவிடுங்கள், மெக்கானிக் காட்டிய இடத்தை அவரையும் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். பழைய வண்டியின் குறை விற்பவருக்குத் தெரிந்து வாங்குபவருக்குத் தெரியாமல் இருப்பது சந்தையையே எப்படிக் கெடுக்கும் என்பதை ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் விளக்கினார். அது அவருக்கு 2001இல் பொருளாதார நோபல் பரிசில் ஒரு பங்கைப் பெற்றுத்தந்த சிந்தனை. ஆனால் இங்கே பொருளாதாரத்தைவிட நேரடியான காரணம் இருக்கிறது: அந்தச் சட்டம் அவர் ஓட்டும்போது முறியக்கூடும், குறையைத் தெரிந்தே மறைத்தது பிறகு வழக்காகவும் வரக்கூடும். எல்லாம் தெரிந்த பின்னும் அவர் உதிரிபாகங்களுக்காகவோ, சட்டத்தை மாற்றிக்கொள்ளும் எண்ணத்திலோ வாங்கினால் நல்லது. அவர் பின்வாங்கினால், இன்ஜின் நன்றாக இருப்பதால் வண்டியைப் பிரித்து விற்பவர்களிடம் கேளுங்கள். வெறும் இரும்பு எடைக்குக் கிடைப்பதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

விற்பனைச் சீட்டில் சேஸிஸ் துருவும் கியர் பாக்ஸ் குறையும் வாங்குபவருக்குத் தெரிவிக்கப்பட்டன என்று ஒரு வரி எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வண்டியின் 17 இலக்க அடையாள எண்ணையும், கிலோமீட்டர் அளவையும், ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் அதில் குறியுங்கள். எண்ணை எழுதும்போது, அதில் ஆங்கில எழுத்துகளான ஐ, ஓ, கியூ ஆகியவை வருவதில்லை என்பதை நினைவில் கொண்டால் 1ஐயும் 0ஐயும் தவறாகப் படிக்க மாட்டீர்கள். பணம் கணக்கில் வந்து சேர்ந்த பிறகே சாவியைக் கொடுங்கள். உரிமை மாற்றம் பதிவாகும் வரை காப்பீட்டை நிறுத்த வேண்டாம். பதிவான மறுநாளே நிறுத்தி, எஞ்சிய காலத்துக்கான பிரீமியத்தில் ஏதேனும் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்து மூலம் கேளுங்கள்.