பேசத் தெரிந்த மகளுக்கு ஒரு படிப்பு

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். மகள் உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்திருக்கிறாள். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி மருத்துவத்துக்குப் போதாது. தொழில்வழிச் சிகிச்சைப் பட்டப்படிப்பை விண்ணப்பத்தில் மேலே போட நினைக்கிறாள். "கூடை பின்னக் கற்றுக்கொடுக்கவா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று அவளுடைய அப்பா கேட்கிறார். "சனத்துக்காகப் பேசுவேன் என்கிறாளே, சங்கம், போராட்டம் என்று அலைவாளோ?" என்பது உங்கள் பயம்.

அப்பாவின் கேள்வி பெயரால் வந்த குழப்பம். தொழில் என்றால் நமக்குச் சம்பள வேலை. இந்தத் துறையில் அந்தச் சொல்லுக்குள் குளிப்பதும், தலைவாருவதும், சோறு பிசைந்து உண்பதும், பிள்ளை பென்சில் பிடிப்பதும், கொழுந்து பறிப்பதும் அடங்கும். நோயோ விபத்தோ மனநலப் பாதிப்போ இவற்றில் ஒன்றைப் பறித்துக்கொண்டால், அதை மறுபடி செய்ய வழி காண்பவர்தான் தொழில்வழிச் சிகிச்சையாளர். இலங்கை மருத்துவச் சபையில் பதிவு பெற வேண்டிய சுகாதாரத் தொழில் இது.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தபோது ஆஸ்பத்திரியில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்தோம். வாசற்கதவில் சக்கரம் இடித்தது. மடித்து உள்ளே தூக்கினால் 10 அடிக்கு 12 அடி காம்பராவில் கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே திருப்ப இடமில்லை. ஒரே வாரத்தில் நாற்காலி முன்திண்ணையான இஸ்தோப்புக்குப் போய்விட்டது; அம்மா அதன்மேல் விறகு அடுக்கினார். கழிவறை 19 படி கீழே. தம்பிமார் அப்பாவைத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். அவர்கள் வேலைக்குப் போய்விட்டால் அப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் மாலைவரை காத்திருப்பார்.

பல மாதங்கள் கழித்து ஒரு தொழில்வழிச் சிகிச்சையாளர் வந்தார். பையில் இருந்து அவர் எடுத்தது அளவுநாடா. அப்பாவை எழுந்து நடக்கச் சொல்லி, எங்கே நிற்கிறார், எந்தக் கை எதைத் தேடுகிறது என்று அரைமணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு சுவரோரம் மரக்கம்பில் ஒரு கைப்பிடி, உயரமான படிகளுக்கு நடுவே கல் வைத்து அரைப்படி, இடக்கையால் தாழ்ப்பாள் திறக்கப் பழக்கம். அந்த மாத முடிவில் அப்பா யார் கையையும் பிடிக்காமல் கழிவறைக்குப் போய் வந்தார்.

அந்தச் சிகிச்சையாளர் அதோடு நிற்கவில்லை. எங்கள் லயத்திலும் பக்கத்து லயத்திலும் இதே நிலையில் இன்னும் மூன்று பேர் இருப்பதைக் கேட்டு அறிந்து, நான்கு வீட்டு அளவுகளையும் ஒரே அறிக்கையில் எழுதினார். அதன் பிரதியோடு அப்பாவும் மற்ற மூவரும் கிராம உத்தியோகத்தரையும் தோட்ட நிர்வாகத்தையும் பார்த்தார்கள். கழிவறைப் பாதை முழுவதும் இரும்புக் கைப்பிடி வந்தது. உங்கள் மகள் "பேசுவேன்" என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

நம் மலைநாட்டில் இந்தப் பேச்சு ஏன் சிகிச்சையின் பகுதியாகிறது என்று கணக்கோடு சொல்கிறேன். ஓர் அடி உயரத்துக்குச் சாய்தளம் போட 12 அடி நீளம் வேண்டும் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. வாசல் மூன்றடி உயரத்தில் இருந்தால் 36 அடி. எந்த லயத்தின் முன்னால் 36 அடி சமதரை இருக்கிறது? ஒரு நோயாளிக்கு ஒரு கைப்பிடி பூட்டிவிட்டு வந்தால் அடுத்த லயத்தில் அதே படி, அதே கதவு. 2006ஆம் ஆண்டின் அணுகல் வசதி ஒழுங்குவிதிகள் ஆஸ்பத்திரி, தபாலகம் போன்ற பொது இடங்களுக்கானவை. லயத்து வாசல்படி அவற்றில் வராது.

ஆனால் மலையகத்தில் இப்போது லயங்களுக்குப் பதிலாகத் தனிக் காணியில் தனி வீடுகள் கட்டுகிறார்கள். இந்திய உதவித் திட்டத்தின் வீடு 550 சதுர அடி. ஒரு வரைபடம் ஆயிரக்கணக்கான வீடுகளாகிறது. அந்த வரைபடத்தில் கதவை இன்னும் ஒரு கையளவு அகலமாக்கவும், கழிவறையைப் படியில்லாமல் வைக்கவும் யாராவது ஆதாரத்தோடு கேட்டால், பின்னால் எத்தனை தம்பிமார் அப்பாவைத் தூக்க வேண்டியதில்லை! அதைக் கேட்கும் அறிவு பொறியியலாளரைவிடச் சிகிச்சையாளரிடம்தான் இருக்கிறது. பாதைக்கும் இதுவே பொருந்தும். பிரதேச சபைப் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. 2018இல் அதைத் திருத்தினார்கள். கேட்பதற்குக் கதவு திறந்திருக்கிறது.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அரச சேவையில் சேர்ந்தால் அரச ஊழியர்களுக்கான விதித்தொகுப்பான தாபன விதிக்கோவை பொருந்தும். அனுமதியில்லாமல் பத்திரிகைக்குப் பேட்டி கொடுக்க முடியாது. அவளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அவளுடைய ஆயுதம் அளந்து எழுதிய அறிக்கையும், தொழில்சார் சங்கத்தின் வழியாகக் கொடுக்கும் மகஜரும். கேள்வி கேட்கும் உரிமை நோயாளிக்கும் உண்டு: 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அவரே விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்று உறுதிப்படுத்தியது; உள்நாட்டிலும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நாடு கொடுத்த வாக்கை நினைவுபடுத்துவது எப்படிக் கலகமாகும், அம்மா? ஒன்றை மட்டும் மகளிடம் சொல்லுங்கள்: நோயாளியை வீட்டில் விட்டுவிட்டு அவருக்காகப் பேசப் போகக்கூடாது. என் அப்பாவின் அறிக்கையைக் கொண்டுபோனவர் என் அப்பாதான்.

படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில், நான்கு ஆண்டுகள், ஆங்கில மொழியில். பேராதனை பக்கம் என்பதால் அங்கே தேடாதீர்கள். அங்கு இயன்மருத்துவம் (பிசியோதெரபி) உண்டு, இது இல்லை. பல்கலைக்கழக அனுமதிக்கான பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உங்கள் நுவரெலியா இருப்பது அவளுக்குச் சாதகம். முடிவு வரும்வரை சும்மா இருக்காமல் சிங்களம் எழுதப் பழகட்டும். பெரும்பாலான கூட்டங்களில் அறிக்கை அந்த மொழியில்தான் வாசிக்கப்படுகிறது. நம் சனத்தின் கதை மொழிபெயர்ப்பில் பாதி கரைந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

வெள்ளைக் கோட்டுக்காக மட்டும் இதைத் தெரிவு செய்கிறாள் என்றால் வேண்டாம். நாளெல்லாம் மற்றவர் வீட்டு அடுப்படியிலும் கழிவறையிலும் நிற்கும் வேலை இது. அதற்கு மனம் இருந்தால், என் கருத்தில், முதல் மூன்று தெரிவுகளுக்குள் போடலாம்.

சனிக்கிழமை அவளையும் அப்பாவையும் அழைத்து வாருங்கள். பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை வைத்துக்கொண்டு தெரிவு வரிசையை அவளே எழுதட்டும். வரும்முன் உங்கள் வாசற்கதவின் அகலத்தையும், கழிவறைவரை உள்ள ஒவ்வொரு படியின் உயரத்தையும் அளந்து ஒரு தாளில் குறித்துவரச் சொல்லுங்கள்.