எரிவாயு ஆலையிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பதினேழு வருடமாக வளைகுடாவில் ஓர் எரிவாயு ஆலையில் பிராசஸ் இன்ஜினியராக இருக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம். சென்ற மாதம் கோடை வெயிலையும் பூமி சூடாவதையும் பற்றி எழுதியபோது, போகிற போக்கில் ‘எல்லாம் தெரிந்தே செய்த எண்ணெய்க் கம்பெனிகள்’ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரி இன்னும் உறுத்துகிறது.

நாங்கள் யார் வாயிலும் பெட்ரோலை ஊற்றவில்லை. கேட்கிறார்கள், கொடுக்கிறோம். நாளைக்கே உற்பத்தியை நிறுத்தினால் முதலில் அடி வாங்குவது ஏழை நாடுகள்தான். எங்கள் ஆலையில் ஃப்ளேரில், அதாவது மிஞ்சும் வாயுவைக் கொளுத்திவிடும் உயரமான குழாயில், வீணாக எரிந்த வாயுவை மீட்கும் வேலையில் நானே மூன்று வருடம் உழைத்திருக்கிறேன். 2023இல் துபாயில் நடந்த காலநிலை மாநாட்டில் ஐம்பது எண்ணெய், எரிவாயுக் கம்பெனிகள் உமிழ்வைக் குறைப்பதாகக் கையெழுத்துப் போட்டன. கார்பனைப் பிடித்துப் பூமிக்கடியில் செலுத்தும் நுட்பமும் எங்கள் தொழிலிடம்தான் இருக்கிறது. நாங்கள் மாறிக்கொண்டுதான் இருக்கிறோம். தள்ளி நின்று திட்டுவது எளிது.

கடைசியாக ஒரு சொந்தக் கேள்வி. மகன் பிளஸ் டூ முடிக்கிறான். கெமிக்கல் இன்ஜினியரிங்தான் வேண்டும் என்கிறான். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு என் மனைவி வேண்டாம் என்கிறாள். நீங்களே சொல்லுங்கள்.

அன்புடன்,
முருகேசன்

அன்புள்ள முருகேசன்,

விறகடுப்பை ஊதி ஊதியே இருமலை வாங்கிக்கொண்டவர் என் ஆச்சி. வீட்டுக்கு சிலிண்டர் வந்த அன்று அதன் பக்கத்தில் போகவே பயந்தார். ஒரே வாரத்தில் மிச்சமிருந்த விறகை எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இந்தியா எரிக்கும் சமையல் வாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதில் பெரும்பங்கு உங்கள் பக்கத்திலிருந்து வருவது. ஆகவே எண்ணெய்த் தொழிலை அரக்கன் கதையாகச் சொல்ல எனக்கு ஆசையில்லை.

ஆனால் ‘எல்லாம் தெரிந்தே’ என்பதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன். அதைத் தெரிந்து சொன்னவர்களே உங்களைப் போன்ற ஆட்கள்தான்.

1959 நவம்பரில் அமெரிக்க எண்ணெய்த் தொழிலின் நூற்றாண்டையொட்டி நியூயார்க்கில் ஒரு கருத்தரங்கு நடந்தது. பேச வந்தவர்களில் ஒருவர் எட்வர்ட் டெல்லர், ஹைட்ரஜன் குண்டு புகழ் டெல்லர்தான். காற்றில் கார்பன் டை ஆக்சைடு பத்து விழுக்காடு கூடினாலே பனிப்பாறைகள் உருகி நியூயார்க் மூழ்கும் என்றார். அளவில் அவர் தப்பு, அந்தப் பத்து விழுக்காட்டை நாம் எப்போதோ தாண்டியாயிற்று. திசையில் தப்பில்லை. கல்யாண வீட்டில் போய் சாவுச் செய்தி சொன்ன மாதிரி இருந்திருக்கும்.

அதை ஒரு கிறுக்கு விஞ்ஞானியின் பேச்சு என்று தள்ளிவிடலாம். 1977ஐ அப்படித் தள்ள முடியாது. அந்த ஆண்டு அமெரிக்க எண்ணெய்க் கம்பெனியான எக்ஸானின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், கம்பெனியின் மேல்மட்டக் குழுவுக்கு முன்னால் நின்று விளக்கினார். எரிபொருளை எரிப்பதால்தான் காற்றில் கார்பன் கூடுகிறது, பூமி சூடாகும், பெரிய முடிவுகள் எடுக்க ஐந்து முதல் பத்து ஆண்டுதான் அவகாசம் என்றார். எக்ஸான் அப்போது அவரை விரட்டவில்லை. பணம் போட்டு ஆராய்ந்தது. 1979இல் எஸ்ஸோ அட்லாண்டிக் என்ற ராட்சத டேங்கரில் கருவிகளைப் பொருத்தி, மெக்சிகோ வளைகுடாவிலிருந்து உங்கள் வளைகுடா வரை போகிற வழியெல்லாம் காற்றிலும் கடல்நீரிலும் கார்பன் டை ஆக்சைடை அளந்தார்கள். நீங்கள் வேலை பார்க்கும் கடற்கரைக்கு எதிரே அந்தக் கப்பல் போயிருக்கிறது.

1982இல் கம்பெனிக்குள் சுற்றுக்கு விட்ட ஓர் அறிக்கையில் ஒரு வரைபடம் உண்டு. 2019க்கு நேராகப் பார்த்தால் காற்றில் பத்து லட்சத்துக்குச் சுமார் 415 பங்கு கார்பன் டை ஆக்சைடு, சுமார் 0.9 டிகிரி வெப்ப உயர்வு. 2019 மே மாதம் ஹவாயில் மவுனா லோவா மலைமேல் இருக்கும் நிலையத்தின் அளவீடு 415ஐத் தொட்டது. முப்பத்தேழு வருடத்துக்கு முன்னால் போட்ட கணக்கு! 2023இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, அந்தக் கம்பெனி விஞ்ஞானிகளின் வெப்பக் கணிப்புகளில் 63 முதல் 83 விழுக்காடு வரை சரியாக அமைந்தன என்றது. நம் ஊர் மழைக் கணிப்பைவிட எவ்வளவோ மேல்.

இப்போது 1997 அக்டோபருக்கு வாருங்கள். பெய்ஜிங்கில் உலகப் பெட்ரோலிய மாநாடு. எக்ஸான் தலைவர் லீ ரேமண்ட் மேடையேறி, இருபது ஆண்டுக்கு முன் இருந்ததைவிட பூமி இப்போது குளிர்ந்திருக்கிறது என்றார். தன் கம்பெனியின் கோப்பை அவர் படித்தாரா படிக்கவில்லையா என்பது அவருக்கே வெளிச்சம். அதே ஆண்டு மே மாதம் பிரிட்டிஷ் எண்ணெய்க் கம்பெனியான பிபியின் தலைவர் ஜான் பிரவுன் ஸ்டான்ஃபோர்டில் பேசும்போது, அறிவியலை முன்னிட்டு இப்போதே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். ஒரே தொழில், ஒரே அறிவியல், ஐந்து மாத இடைவெளி. எண்ணெய்க் கம்பெனிகள் எல்லாம் ஒன்று என்று நான் எழுதியிருந்தால் அது தப்புதான், அந்த அளவுக்கு உங்கள் கோபம் நியாயம்.

ஆனால் பிரவுனின் பிபி அப்புறம் என்ன ஆயிற்று? ‘பெட்ரோலியத்துக்கு அப்பால்’ என்று விளம்பரம் செய்தது. தனிமனிதனின் ‘கார்பன் தடம்’ என்ற சொல்லை உலகத்தின் வாயில் போட்டதில் அதன் விளம்பரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. நீ எவ்வளவு பெட்ரோல் போடுகிறாய், வருடத்துக்கு எத்தனை முறை விமானம் ஏறுகிறாய், வா கணக்குப் போடுவோம் என்று ஒரு கால்குலேட்டரையே வைத்தது. ‘கேட்கிறார்கள், கொடுக்கிறோம்’ என்கிறீர்களே, அதன் படித்த வடிவம் அது. நானும் பஸ்ஸில் போகிறேன், பைக் ஓட்டுகிறேன், என் பங்கை மறுக்கவில்லை. ஆனால் வேறு வண்டியே இல்லாத ஊரில் நின்றுகொண்டு, நீதானே ஏறினாய் என்று கேட்பது என்ன நியாயம்? பெய்ஜிங் மேடையில் அந்தப் பேச்சு பேசப்படாமல் இருந்திருந்தால் வேறு வண்டி கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கும்.

நான் பி.காம். படித்தவன். ஒரு கம்பெனி என்ன சொல்கிறது என்பதைவிட எதில் முதல் போடுகிறது என்றுதான் பார்ப்பேன். 2020இல் பிபி, பத்தாண்டில் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 40 விழுக்காடு குறைப்போம் என்றது. பெரிய கம்பெனி எதுவும் அதற்குமுன் அப்படிச் சொன்னதில்லை. 2022இல் உக்ரைன் போரால் விலை ஏறியது. 2023 பிப்ரவரியில் அந்த 40, 25 ஆனது. 2025 பிப்ரவரியில் அதையும் கைவிட்டு, எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி டாலர் என்று முதலீட்டைக் கூட்டியது. இதில் வஞ்சகம் எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பங்குதாரர் எங்கே லாபம் என்று கேட்டார், கம்பெனி திரும்பிவிட்டது.

துபாய்க் கையெழுத்தையும் இதே கண்ணால் பாருங்கள். கிணற்றிலும் ஆலையிலும் வெளிவருவதைக் குறைப்போம், 2030க்குள் வழக்கமான ஃப்ளேரிங்கை நிறுத்துவோம் என்றார்கள். நல்ல காரியம்தான். விற்ற எண்ணெய் வண்டியில் எரிந்து வருவதைப் பற்றி அதில் ஒரு இலக்கும் இல்லை. ஒரு பீப்பாய் எண்ணெயின் மொத்த உமிழ்வில் ஐந்தில் நாலு பங்கு அங்கேதான். சாராயக் கடைக்காரர் கடைவாசலைக் கூட்டிப் பெருக்குவது போல என்று சொன்னால் கோபப்படாதீர்கள். உங்கள் மூன்று வருட உழைப்பை நான் கேலி செய்யவில்லை. எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன், அது எரியாமல் கசிந்தால் இருபது வருடக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட எண்பது மடங்குக்கு மேல் சூடாக்கும் சரக்கு. இருக்கிற வழிகளிலேயே சீக்கிரம் பலன் தருவது கசிவை அடைப்பதுதான்.

கார்பனைப் புதைப்பது பற்றிச் சொன்னீர்கள். அது முடியும். வட கடலில் ஸ்லைப்னர் என்ற வயலில் வரும் வாயுவில் சுமார் 9 விழுக்காடு கார்பன் டை ஆக்சைடு கலந்திருந்தது. விற்க வேண்டுமானால் 2.5 விழுக்காட்டுக்குக் கொண்டுவர வேண்டும். பிரித்ததை எல்லோரையும் போலக் காற்றில் விட்டிருக்கலாம். ஆனால் நார்வே அரசு 1991இல் கடலில் எடுக்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் கார்பன் வரி போட்டிருந்தது. காற்றில் விட்டால் வரி. அந்த வயலை நடத்திய நார்வேயின் ஸ்டாட்டாயில் கம்பெனி கணக்குப் போட்டுப் பார்த்து, 1996இலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் டன் அளவில் கடலடி மணற்பாறைக்குள் செலுத்தத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவின் கார்கன் திட்டத்திலும் இதே நுட்பம்தான், 80 விழுக்காட்டைப் புதைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. வாயு விற்பனை 2016இலேயே தொடங்கிவிட்டது, புதைப்பது 2019இல்தான் தொடங்கியது. 80ஐ எட்டவும் முடியவில்லை, ஈடாகக் கார்பன் கிரெடிட், அதாவது வேறு யாரோ குறைத்த உமிழ்வுக்கான சீட்டு, வாங்கினார்கள்.

வரிக் கணக்கு மாறினால் முதலாளி மாறுவார் என்பதற்கு நார்வேவரை போக வேண்டியதில்லை. லீவில் ஊருக்கு வரும்போது கயத்தாறு பக்கம் நின்று பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. அதில் எத்தனையோ ஸ்பின்னிங் மில் முதலாளிகள் போட்டவை. பூமி சூடாகிறதே என்று தூக்கம் கெட்டா போட்டார்கள்? 1990களில் காற்றாலைக்குப் போட்ட பணம் முழுவதையும் முதல் வருடமே தேய்மானமாக எழுதி, வரி கட்ட வேண்டிய லாபத்தில் கழித்துக்கொள்ள மத்திய அரசு விட்டது. ஆடிட்டர்கள் முதலாளிகளைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், வரி மிச்சம் என்று. வரிக்காகவே போட்டுவிட்டுக் காற்று வருகிறதா என்று பார்க்காமல் விட்டவர்களும் உண்டு, அது வேறு கதை. ஆனால் தமிழ்நாட்டின் காற்று மின்சாரம் அப்படித்தான் வளர்ந்தது.

அதனால், தொழில் உள்ளிருந்தே மாறிக்கொண்டிருக்கிறது என்று நீங்கள் சொல்வதை நான் பாதிதான் ஏற்கிறேன். நிலக்கரியும் எண்ணெயுமாக இருந்த டென்மார்க்கின் டாங் கம்பெனி, எண்ணெய்ப் பிரிவை விற்றுவிட்டு 2017இல் ஆர்ஸ்டெட் என்று பெயர் மாற்றிக்கொண்டு கடல் காற்றாலைப் பக்கம் போனது உண்மை. ஆனால் அதில் பாதிக்கு மேல் பங்கு டென்மார்க் அரசுடையது என்பதை மறக்கக்கூடாது. வட்டியும் செலவும் ஏறியதும் 2023இல் அமெரிக்காவில் இரண்டு பெரிய திட்டங்களை அதுவும் கைவிட்டது.

மகன் விஷயம். கணக்குப் படித்தவனிடம் கெமிக்கல் இன்ஜினியரிங் பற்றிக் கேட்கிறீர்கள், சரி. தாராளமாகச் சேருங்கள். பேட்டரிக்கு லித்தியம் சுத்திகரிப்பது, நிலக்கரி இல்லாமல் இரும்பு உருக்குவது, எரிவாயு இல்லாமல் உரம் தயாரிப்பது எல்லாமே அவன் படிக்கப்போகிற பாடம்தான். வீட்டம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த ஃப்ளேர் மீட்பு வேலைக்கு மேலிடத்தைச் சம்மதிக்க வைத்தது எது? மீட்ட வாயுவை விற்ற காசா, அரசு போட்ட விதியா, உங்கள் பிடிவாதமா? விரிவாக எழுதுங்கள். பெயர் வேண்டாம் என்றால் எடுத்துவிட்டு வெளியிடுகிறேன்.