பின்லாந்து விழுந்ததா, திசை மாறியதா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் அச்சகம் இரண்டு தலைமுறையாக நடக்கிறது. அப்பா காலத்தில் உசத்தியான ஆர்ட் பேப்பர் என்றால் பின்லாந்து என்பார். இப்போது ஏ4 கட்டைத் திருப்பினால் இந்தோனேசியா என்று இருக்கிறது. வணிகவியல் படிக்கும் என் மகள் இந்த இரண்டு நாடுகளின் காகித, அட்டை வணிகத்தை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறாள். பின்லாந்து விழுந்துவிட்டது என்றே எழுதிவிடலாமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் விழுந்த மாதிரித்தான் தெரியும். 2007 வாக்கில் பின்லாந்து ஆண்டுக்குச் சுமார் 1.4 கோடி டன் காகிதமும் அட்டையும் தயாரித்தது, அதில் பெரும்பகுதி ஏற்றுமதிக்குத்தான் போனது. அப்புறம் ஐரோப்பாவில் பத்திரிகை படிக்கிறவர்கள் செல்போனுக்குப் போய்விட, கைபோலா ஆலையை 2020இலும் வெய்ட்சிலுவோட்டோ காகித ஆலையை 2021இலும் மூடிவிட்டார்கள். ஆனால் அதே நாட்டில் வர்க்காவுஸ், ஓலு ஆலைகளில் அச்சுக் காகிதம் ஓடிய இயந்திரங்களை அட்டைப்பெட்டிக்கான கிராஃப்ட் பேப்பருக்கு மாற்றினார்கள். ஆனெகோஸ்கியில் 2017இல், கெமியில் 2023இல் காகிதத்துக்கு மூலப்பொருளான மரக்கூழ் தயாரிக்கும் பிரம்மாண்டமான ஆலைகள் வந்தன, அந்தக் கூழ் சீனாவுக்குக் கப்பலேறுகிறது. இங்கேதான் உங்கள் மகள் கவனமாக இருக்க வேண்டும். சுங்க வகைப்பாட்டில் காகிதமும் அட்டையும் 48ஆம் அத்தியாயம், கூழும் கழிவுக் காகிதமும் 47. 48ஐ மட்டும் எடுத்தால் பாதிக் கதை விட்டுப்போகும்.

இந்தோனேசியாவின் பலம் மரம். நம் பக்கம் பள்ளிபாளையம், புகளூர் ஆலைகளுக்குச் சவுக்கும் தைலமரமும் சில ஆண்டுகளில் வெட்டுக்கு வருகிற மாதிரி, சுமத்ராவில் அக்கேசியா ஐந்தாறு ஆண்டில் தயார். பின்லாந்துப் பைனுக்கு அறுபது எழுபது ஆண்டுகள்கூட ஆகும், ஆனால் அதன் நார் நீளம், அதனால் பேப்பருக்கு உறுதி அதிகம். 1990களில் ரியாவ் மாகாணத்தில் பெரிய ஆலைகள் வளர்ந்தன, 1997-98இல் அந்நாட்டு நாணயமான ரூபியா சரிந்தபோது உள்ளூர்ச் செலவு டாலர் கணக்கில் மலிவானது, 2010இல் ஆசியானோடு நம் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து சுங்க வரி படிப்படியாகக் குறைந்தது. உங்கள் கடைக்கு அந்த ஏ4 கட்டு வந்த வழி இதுதான். இதற்குக் கொடுத்த விலையையும் அவள் எழுதட்டும்: மக்கிய செடிகொடிகள் சேர்ந்து உருவான கரிமண் சதுப்பு நிலங்களில் நீரை வடித்து மரம் நட்டார்கள், 2015இல் அப்படிக் காய்ந்த நிலங்களில் தீ பிடித்து சிங்கப்பூர் வரை புகை சூழ்ந்தது. ஏற்றுமதிக் கணக்கில் அந்தப் புகைக்கு இடமே இல்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

கணக்கு எடுக்கும்போது டன்னையும் டாலரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், விலை ஏறினால் டாலர் மட்டும் பெருகிக் காட்டும். ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பிடம் 1961 முதல் நாடுவாரியாகப் புள்ளிவிவரம் இருக்கிறது. 2005ஐ மட்டும் அடிப்படை ஆண்டாக எடுக்கக் கூடாது, அந்த ஆண்டு தொழில் தகராறில் பின்லாந்து ஆலைகள் மே முதல் ஜூன் வரை வாரக்கணக்கில் மூடிக்கிடந்தன. ஐந்தாண்டு சராசரி எடுப்பது நல்லது. இறக்குமதியையும் விடக் கூடாது, ஏனென்றால் இந்தோனேசியா கழிவுக் காகிதத்தை வெளியிலிருந்து வாங்கித்தான் அட்டையில் ஒரு பகுதியைச் செய்கிறது.

கட்டுரை முடிந்ததும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள், படிக்க ஆசையாக இருக்கிறது.