தோல் வைக்கும் சத்திரசிகிச்சைக்கு முதல் அம்மாவை வீட்டில் எப்படித் தயார்படுத்துவது?

அம்மாவுக்கு நீரிழிவு, காலில் ஆறாத பெரிய காயம், தொடையில் தோல் எடுத்து அதில் வைக்க அடுத்த மாதம் திகதி கிடைத்திருக்கிறது, அதுவரை வீட்டில் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருகோணமலையில் சத்திரசிகிச்சை வாட்டில் தாதியாக இருக்கிறேன். கையில் ஒரு மாதம் இருக்கிறது, அதை வீணாக்காதீர்கள்.

முதலில் புகையிலை. அம்மா சிகரெட் பிடிக்கமாட்டார், சரி, வெற்றிலையோடு புகையிலை போடுகிறாரா? எங்கள் பக்கத்து அம்மாமார் பலர் அதைக் கணக்கிலேயே எடுப்பதில்லை, கிளினிக்கில் கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். நிகோட்டின் எந்த வழியாக உள்ளே போனாலும் சின்ன இரத்தக் குழாய்களைச் சுருக்கும். வெட்டி வைத்த தோலுக்கோ சொந்தமாக இரத்த ஓட்டமே கிடையாது, முதல் இரண்டு நாள் காயத்தில் கசியும் நீரை உறிஞ்சித்தான் அது உயிரோடு கிடக்கும், அதற்குப் பிறகுதான் குழாய்கள் வந்து இணையும். அவை சுருங்கிக் கிடந்தால் தோல் கறுத்துப் போகும். சத்திரசிகிச்சைக்குக் குறைந்தது 4 கிழமைக்கு முதலே விடவேண்டும், அதாவது இன்றைக்கே.

அடுத்தது சாப்பாடு. காயம் என்றால் முட்டை, மீன் எல்லாம் கிரந்தி, புண்ணைக் கூட்டும் என்று நிறுத்திவிட்டு வெறும் சோறும் ரசமும் கொடுக்கிற வீடுகளைப் பார்த்தால் எனக்கு மனம் பொறுக்காது. புரதம் இல்லாமல் காயம் ஆறாது. எங்கள் ஊரில் மீனுக்கா பஞ்சம்? சூடை, சாளை, பருப்பு, முட்டை தாராளமாகக் கொடுங்கள், சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் மட்டும் அளவை டொக்டரிடம் கேளுங்கள். இரத்தத்தில் சீனியும் கட்டுப்பாட்டில் இருக்கவேண்டும், கூடியிருந்தால் திகதியைத் தள்ளிப்போடுவார்கள்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை எடுக்கிறார் என்றால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், சொல்லாமல் விடவும் வேண்டாம். நாட்டு மருந்து உட்பட எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கிளினிக்குக்குக் கொண்டுபோங்கள். கால் மயிரை வீட்டில் பிளேட்டால் வழிக்கவே கூடாது, கண்ணுக்குத் தெரியாத கீறல்களால் கிருமி போகும்.

பலர் யோசிக்காத ஒன்று, ஒத்திகை. வைத்த தோலுக்கு அடியில் கொஞ்சம் இரத்தம் தேங்கினாலோ தோல் இழுபட்டு நகர்ந்தாலோ அது ஒட்டாது. மூதூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஐயா, பெட்பானில் போக வெட்கப்பட்டு மூன்றாம் நாள் இரவு ஒருவருக்கும் சொல்லாமல் எழும்பி நடந்துவிட்டார். ஐந்தாம் நாள் கட்டுப் பிரித்தபோது பாதித் தோல் துணியோடு வந்தது. அதனால் இப்போதிருந்தே காலைத் தலையணையில் உயர்த்திப் படுக்கவும், படுத்தபடி பெட்பான் பாவிக்கவும் பழக்குங்கள். தோல் எடுத்த தொடைதான் கூடுதலாக நோகும், ஆற இரண்டு கிழமை வரை செல்லும், அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் ஏதோ பிழைத்துவிட்டது என்று பயந்துவிடுவார்.

ஆறின பிறகு அந்த இடத்தில் உணர்ச்சி குறைவாக இருக்கும், சூடு தெரியாது. நேர்த்திக்கென்று கன்னியா வெந்நீர்க் கிணற்றுக்குக் கூட்டிப் போவதென்றாலும் டொக்டரைக் கேட்காமல் போகாதீர்கள்.