ஒரே வர்ணத்தை மாதக்கணக்கில் வாசிக்கிறேன், தேறுகிறேனா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வர்ணம், அதாவது கர்நாடக சங்கீதத்தில் பயிற்சிக்கும் வாசிக்கிற உருப்படி, அதை நீங்கள் வாசிப்பது வயலினில் என்று சொல்லியிருப்பதால் பதில் எழுதுகிறேன். நானும் வேலைக்குப் போய்க்கொண்டே கற்றுக்கொள்கிற ஆள்தான். ராணிப்பேட்டையில் கம்பெனி, வேலூர் சத்துவாச்சாரியில் வீடு, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் கிடைக்கிற நேரம்தான் வாசிப்புக்கு.

வாசித்து முடித்த கையோடு 'இன்னிக்கு நல்லா வந்துச்சா' என்று யோசிப்பதை முதலில் விடுங்கள். அந்த நேரத்தில் மனசு சொல்வது எதையும் நம்ப முடியாது, ஏனென்றால் விரலுக்கு முன்னால் காது தேறிவிடுகிறது. நேற்று வரை கேட்காத பிசிறு இன்று கேட்கும், உடனே இருந்ததும் போச்சே என்று தோன்றும். பிசிறு அங்கேயேதான் இருந்தது, உங்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏதாவது ஒரே ஒரு குறையைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் கவனியுங்கள். நான் மல்லுக்கட்டுவது ஆபோகி ராக வர்ணத்தோடு, பட்டணம் சுப்ரமணிய ஐயருடைய 'எவரி போதன', ஆதி தாளம். ஆபோகியில் பஞ்சமமும் (ப) கிடையாது, நிஷாதமும் (நி) கிடையாது, ஆனால் நாம் வயலினைச் ச-ப-ச-ப என்றுதானே சுருதி சேர்க்கிறோம்? மத்யமத்தை (ம) ச தந்தியில் மூன்றாவது விரலால் பிடித்துவிட்டுத் தைவதத்துக்கு (த) போக, வில் பக்கத்துப் ப தந்திக்குத் தாண்ட வேண்டும். அங்கே முதல் விரல் துளி தாமதமாக விழுந்தாலும் வெறும் தந்தி 'ப' என்று கத்திவிடும். ராகத்திலேயே இல்லாத ஸ்வரம், அழையா விருந்தாளி மாதிரி நடுக்கூடத்தில் வந்து நிற்கும். இதற்கு எங்கள் வாத்தியார் சொல்வது, "விரல் மொதல்ல போய் உக்காரட்டும்பா, வில்லு அப்புறம் போவட்டும்." அதாவது மத்யம விரலை எடுக்காமலே முதல் விரலைப் பக்கத்துத் தந்தியில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வில்லைத் திருப்புவது. நீள வில்லில், மெதுவாக, ம-த, ம-த என்று அதையே வாசித்தால் அலுப்பாக இருக்கும்தான், வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பல்லவியை மட்டும் போனில் பதிவு செய்து, கேட்காமல் வைத்துவிடுங்கள். (என் பதிவுகளில் பைபாஸ் லாரி ஹாரனும் தவறாமல் இருக்கும்.) சில வாரம் கழித்து அதே பல்லவியை மறுபடி பதிவு செய்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு, அந்த வேண்டாத 'ப' எத்தனை இடத்தில் என்று எண்ணுங்கள். 'நல்லா இருக்கா' என்ற கேள்வியே வேண்டாம், எண்ணிக்கை போதும்.

வாத்தியார் இன்னும் திட்டிக்கொண்டேதான் இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். எதற்குத் திட்டுகிறார் என்று பாருங்கள். சுருதி, சுருதி என்று கத்திக்கொண்டிருந்தவர் ஒரு நாள் காந்தாரம் சரியில்லை என்பார், ஆபோகியின் காந்தாரம் ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைய வேண்டும் என்பார். அப்புறம் வில் திரும்புகிற இடம் காதில் விழுகிறது என்பார். திட்டு குறையாது, விஷயம் மாறும். மாதக்கணக்கில் அதே திட்டு என்றால்தான் யோசிக்க வேண்டும். இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், முக்தாயி ஸ்வரம் (வர்ணத்தின் முதல் பாதியை முடிக்கிற ஸ்வரப் பகுதி) தடுமாறினாலும் வேகத்தைக் குறை சொல்லாமல், தடுமாறுகிற அந்த ஆவர்த்தனத்தை (தாளச் சுற்றை) மட்டும் முதல் காலத்தில் பாடிப் பாருங்கள், பெரும்பாலும் பாடும்போதே அங்கே குழறும்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இன்னொன்று. கத்திரி வெயிலில் மரம் காய்ந்து சுருங்கிப் பிருடை (தந்தியை முறுக்குகிற கட்டை) நழுவும், பல்லவி முடிவதற்குள் சுருதி இறங்கிவிடும். ஃபேனை நிறுத்தினால் விரல் வியர்த்து வழுக்கும், போட்டால் பதிவில் ஃபேன்தான் கச்சேரி செய்யும். மே மாதப் பதிவை மார்கழிப் பதிவோடு வைத்துப் பார்த்து அழாதீர்கள். பிருடையில் கொஞ்சம் சாக்பீஸ் தேய்த்தால் நிற்கும்.

இதை விட்டுவிட்டு வேறு வர்ணம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்களே, எடுங்கள், ஆனால் இதை விடாதீர்கள். தினமும் உட்கார்ந்ததும் இதை இரண்டு காலத்திலும் ஒரு தடவை வாசித்துவிட்டுப் புதுசுக்குப் போங்கள். பெரிய வித்வான்களே கச்சேரியை வர்ணத்தில் ஆரம்பிப்பது சகஜம்தானே.