அரவானையாவது கேட்டார்கள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த மாதப் பேச்சு: தொண்டர்களைச் செலவுக் கணக்கில் எழுதும் கிளர்ச்சித் தலைவன். முப்பது வருடம் பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்ற ஒரே தகுதியில் நான் பதில் சொல்கிறேன்.

சார், போராட்டம் என்றால் சிலர் சாகத்தான் செய்வார்கள். அதற்குத் தலைவரைக் குறை சொல்லலாமா? (நெல்லிக்குப்பம்)

செத்தார்கள் என்பதற்காக மட்டும் சொல்லக் கூடாது. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் பஞ்சாலைத் தொழிலாளர்களைச் சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். வேலை நேரம் குறைய வேண்டும் என்பது அவர்களுடைய சொந்தக் கோரிக்கை. மறுவருடம் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அவர்களுக்குத் தலைவர் வ. சுப்பையா. அந்தப் பன்னிரண்டு பேரை அவர் பலி கொடுத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். சுட்டவன் பழியைச் சங்கத்தின் தலையில் கட்டுவது முதலாளிகளின் பழைய வேலை.

அப்படியானால் யாரைத்தான் சொல்கிறீர்கள்? (திருப்பாதிரிப்புலியூர்)

ரஷ்யாவில் நெச்சாயெவ் என்று ஒருவன். புரட்சிக்காரனுக்கு 1869இல் அவன் எழுதிய விதிகளில், இரண்டாம் மூன்றாம் படித் தோழர்கள் இயக்கத்தின் கைமுதல். பார்த்துச் செலவழிக்க வேண்டியது. மளிகைக்கடைக் கணக்குப் போல! இல்லாத ஒரு பெரிய மத்தியக் குழுவின் பேரால் உத்தரவு போட்டான். இவானோவ் என்ற மாணவன் எதிர்த்துப் பேசினான். அதே வருடம் மாஸ்கோவில் மற்ற தோழர்களையும் சேர்த்துக்கொண்டு அவனைக் கொன்றான். எல்லார் கையிலும் ரத்தம் பட்டுவிட்டால் யாரும் விலக முடியாது அல்லவா? எனக்கு அந்தக் கொலையைவிட அந்த இல்லாத குழுதான் உறுத்துகிறது. பின்னால் ஆயிரம் பேர் நிற்கிறார்கள் என்று நம்பியே பையன்கள் முன்னால் போனார்கள்.

தலைவனும் தன் உயிரை மதிக்காதவனாக இருந்தால்? (சிதம்பரம்)

நெச்சாயெவும் 1882இல் சிறையில்தான் செத்தான். தன் உயிரை அவன் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும். அதைக் காட்டி அடுத்தவன் உயிருக்குச் சீட்டுக் கிழிக்க முடியாது.

ஐயா, வாஞ்சிநாதனைப் புதுச்சேரியில் பத்திரமாக இருந்தவர்கள் அனுப்பிவைத்தார்கள் என்கிறார்களே? (முத்தியால்பேட்டை, கல்லூரி மாணவி)

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல மாட்டேன் அம்மா. வாஞ்சி புதுச்சேரி வந்ததும், வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்பதும் பலரும் எழுதியது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஐயர் இருந்தது பிரெஞ்சு எல்லைக்குள். ஆனால் அவரும் ஊரைவிட்டு ஓடிவந்து, ஒற்றர்கள் நடுவில் வாழ்ந்தவர். சுகவாசி இல்லை.

என்னை நிறுத்துவது வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம். மூவாயிரம் பேர் சபதம் எடுத்திருக்கிறோம், அவர்களில் நான் கடையேன் என்கிறது. வழக்கில் நிறுத்தப்பட்டவர்கள் 14 பேர். வெள்ளைக்காரனை மிரட்ட எழுதிய எண் என்றால் சரி, அது போர்த் தந்திரம். அவரே அதை நம்பியிருந்தால்? அந்த எண்ணை அவர் காதில் போட்டவர் யாராக இருந்தாலும் என் கணக்கில் கடன்காரர்தான்.

கூத்தில் அரவானைக் களபலி கொடுக்கிறார்களே, அதுவும் இதுதானே? (பண்ருட்டி)

நல்ல கேள்வி. முப்பத்திரண்டு லட்சணமும் உள்ளவர் மூன்று பேர்: கண்ணன், அர்ச்சுனன், அவன் பிள்ளை அரவான். கடைசியில் பிள்ளைதான் வெட்டுப்பட்டது. அந்த மட்டில் உங்கள் சந்தேகம் நியாயம். ஆனால் அரவானிடம் யாரும் பொய் சொல்லவில்லை. கேட்டார்கள். அவனும் பேரம் பேசினான்: கல்யாணம் வேண்டும், போரைக் கடைசிவரை பார்க்க வேண்டும். கண்ணனே மோகினியாகித் தாலி கட்டிக்கொண்டான். சித்திரையில் கூவாகத்தில் போய்ப் பாருங்கள். அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள் விடிந்ததும் அதை அறுத்துப் போட்டு, வளையலை உடைத்து அழுகிறார்கள். அனுப்பிய கண்ணனுடைய ஒப்பாரி அது. இவானோவுக்காக நெச்சாயெவ் அழுததாக நான் எங்கும் படித்ததில்லை.

நீங்கள் யாரையாவது அப்படி முன்னால் தள்ளியிருக்கிறீர்களா சார்? (கூட்டத்திலேயே ஒருவர்)

தள்ளியிருக்கிறேன். அப்போது ஒரு தனியார் பள்ளியில் இருந்தேன். சம்பளப் பாக்கிக்காக மனு எழுதியது நான். கொண்டுபோய்க் கொடுக்க, சேர்ந்து ஆறு மாதமே ஆன பி.டி. மாஸ்டரை அனுப்பினோம். "எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு, நீ கொடுத்துட்டு வா" என்றேன். உண்மையில் அப்போது நாலு பேர்தான் போட்டிருந்தார்கள். வேலை போனது அவருக்கு மட்டும். இன்றும் கடைத்தெருவில் பார்த்தால் "டீ சாப்டீங்களா சார்" என்றுதான் கேட்கிறார். நான்தான் சில நாள் அவரைத் தூரத்தில் பார்த்ததும் வண்டியைப் பக்கத்துச் சந்தில் திருப்பிவிடுகிறேன்.